திமிங்கலம் பார்க்க நாலாயிரம் டாலரா?

தமிழ்ப் பள்ளி விடும் வரைக்கும் பார்க்கிங் லாட்டில் நின்று கதை பேசுவது எங்கள் ஞாயிற்றுக்கிழமை வழக்கம். வெஸ்ட் வின்ட்சர் அப்பாக்களுக்கு வாரத்தில் மிச்சமிருக்கும் ஒரே அரட்டை நேரம் அதுதான். போன வருஷம் ஏப்ரலில் ஒரு நண்பர் சொன்னார்: "பொண்ணு இந்த சம்மர்ல திமிங்கல ஆராய்ச்சிக்குப் போறா. ரெண்டு வாரம் படகுல. ரிசர்ச் அசிஸ்டென்ட்."

அடேங்கப்பா, எவ்வளவு சம்பளம் தருவாங்க என்று அப்பாவியாகக் கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார்.

"நாமதாங்க கட்டணும். நாலாயிரத்துச் சொச்சம். டிக்கெட் தனி. காலேஜ் அப்ளிகேஷன்ல நல்லா நிக்கும்ல?"

வீட்டுக்கு வரும் வழியிலேயே என் மகளும் கேட்டுவிட்டாள். "அப்பா, நானும் போகட்டுமா?" லெவன்த் கிரேடு. விஷயம் பிள்ளைகளிடம் நமக்கு முன்னாடியே போய்விடுகிறது.

எனக்குக் கோபம் வந்தது. வேலை செய்வதற்கு நாம் பணம் கட்டுவதா? ஊரில் கடல் பக்கம் வளர்ந்தவன் நான். திருச்செந்தூருக்கும் உடன்குடிக்கும் நடுவில் எங்கள் ஊர். ஓங்கில் துள்ளுவதைப் பார்க்க யாரும் யாருக்கும் காசு கொடுத்ததில்லை. அந்தக் கோபத்தில் பாதி நியாயம், பாதி அறியாமை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நம்ம டவுன்ஷிப்புக்கு இதில் ஒரு பின்கதை உண்டு. 2015இல் வெஸ்ட் வின்ட்சர்–பிளெய்ன்ஸ்பரோ பள்ளி மாவட்டத்தின் கண்காணிப்பாளர் டேவிட் ஆடர்ஹோல்ட், பெற்றோருக்கு 16 பக்கக் கடிதம் எழுதினார். பிள்ளைகள் மன அழுத்தத்தில் நொறுங்குகிறார்கள், ஓட்டத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும் என்பது சாரம். மிட்டெர்ம், ஃபைனல் பரீட்சைகளை எடுத்தார், ஹோம்வொர்க் இல்லாத இரவுகளைக் கொண்டுவந்தார். பெற்றோர் இரண்டாகப் பிரிந்தார்கள். நியூயார்க் டைம்ஸ் வரைக்கும் செய்தி போயிற்று. நம்மவர்களில் பெரும்பாலோர் எந்தப் பக்கம் நின்றோம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பரீட்சையைக் குறைத்தால் ஓட்டம் நின்றுவிடுமா? கோடை விடுமுறைக்குள் புகுந்துகொண்டது. இப்போது திமிங்கலம் வரைக்கும் வந்திருக்கிறது.

ஆனால் பணம் கட்டிப் போகும் முறை நேற்று முளைத்ததல்ல. பாஸ்டனில் 1971இல் தொடங்கிய எர்த்வாட்ச், சாதாரண ஜனங்கள் பணம் கட்டி, விஞ்ஞானிகளோடு களத்துக்குப் போய் வேலை செய்யும் ஏற்பாட்டைப் பரவலாக்கியது. படகுக்கு டீசல் வேண்டும், கேப்டனுக்குச் சம்பளம் வேண்டும். ஆராய்ச்சி மானியம் எப்போதும் போதாது. வருகிறவர்கள் கட்டும் பணத்தில் படகு ஓடுகிறது. இதில் ஒளிவுமறைவு இல்லாதவரை நான் குறை சொல்ல மாட்டேன். குறை, அதை நாம் வாங்கும் விதத்தில் இருக்கிறது.

மகளிடம் ஒரு பேரம் பேசினேன். முதலில் இங்கேயே ஒரு சம்மர். அதுக்கப்புறம் போகணும்னு தோணினா பார்க்கலாம். நம் வீட்டிலிருந்து சாண்டி ஹூக் ஒரு மணி நேரம். அந்தப் பக்கத்திலிருந்து கிளம்பும் ஒரு படகில் தன்னார்வலர்கள் ஏறிக் குறிப்பெடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஜூனில் சேர்த்துவிட்டேன். துணைக்கு நானும் போனேன். முதல் நாள் அலையில் காலை சாப்பிட்ட இட்லி நாலும் வெளியே வந்துவிட்டது. எனக்கு. மகள் தாக்குப்பிடித்தாள்.

அங்கே உதவியாளர் என்ன செய்கிறார்? டால்ஃபினைக் கட்டிப்பிடித்து போட்டோ எடுப்பதெல்லாம் விளம்பரத்தில்தான். ஆளுக்கொரு பக்கம் கடலைப் பிரித்துக் கொடுப்பார்கள். பைனாகுலரும் வெறும் கண்ணுமாக மாறி மாறித் தேட வேண்டும். குறித்த இடைவெளியில் நேரம், ஜிபிஎஸ் இடம், காற்று, வெயிலின் கண்கூச்சம், கடலின் நிலை எல்லாவற்றையும் எழுத வேண்டும். கடலின் நிலைக்கு பியூஃபோர்ட் என்று ஓர் அளவு உண்டு, பூஜ்யத்திலிருந்து 12 வரை. மூன்று நாலைத் தாண்டினால் எங்கு பார்த்தாலும் வெள்ளை நுரை. அதில் துடுப்பு எது, அலை எது என்று யாராலும் சொல்ல முடியாது. ஏதாவது தெரிந்தால் எந்தத் திசை, எவ்வளவு தூரம், எத்தனை உருப்படி, குட்டி உண்டா. ஒன்றும் தெரியாவிட்டால் "ஒன்றும் இல்லை" என்று எழுத வேண்டும்.

முதல் நாள் நாலு மணி நேரத்தில் மகள் எழுதியது பூராவும் "ஒன்றும் இல்லை"தான். எனக்கே பாவமாக இருந்தது. தூரத்தில் ஒரு கறுப்பைப் பார்த்து, "திமிங்கலம் மாதிரி இருக்கே, சும்மா எழுதிடேன்" என்றேன். அவள் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். "அப்பா, பாக்காததை எப்படிப்பா எழுதறது?"

அந்தக் காலி வரிகள் ஏன் முக்கியம் என்று படகில் இருந்த மூத்த தன்னார்வலர் எனக்குப் பொறுமையாகச் சொன்னார். இந்த வருஷம் பத்துத் திமிங்கலம், போன வருஷம் ஐந்து என்றால் திமிங்கலம் கூடிவிட்டதாக அர்த்தமா? போன வருஷம் ஐம்பது மணி நேரம் தேடி, இந்த வருஷம் நூறு மணி நேரம் தேடியிருந்தால் ஒன்றும் கூடவில்லை. எவ்வளவு நேரம் தேடினோம், எப்போது கிடைக்கவில்லை என்ற கணக்கு இருந்தால்தான் கிடைத்ததற்கு மதிப்பு. சாதனையை மட்டுமே பட்டியல் போடக் கற்றுக்கொடுத்து வளர்க்கிறோம் நம் பிள்ளைகளை. ரெஸ்யூமேயில் வெறும் பூஜ்யத்தை எழுதச் சொல்லும் இடம் வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.

மீதி வேலை கரையில். கூன்முதுகுத் திமிங்கலம் முங்கும்போது வாலைத் தூக்கும். வாலின் அடிப்பக்கத்தில் இருக்கும் கறுப்பு வெள்ளைக் கோலம் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாதிரி, நம் கைரேகை போல. டால்ஃபினுக்கு முதுகுத் துடுப்பின் வெட்டுகளும் வடுக்களும் அடையாளம். எடுத்த நூற்றுக்கணக்கான படங்களில் மங்கலானதைக் கழித்து, மிச்சத்தைப் பழைய படங்களோடு ஒப்பிட வேண்டும். ஹேப்பிவேல் என்ற தளத்தில் யார் வேண்டுமானாலும் வால் படத்தைப் போடலாம். கணினி பொருத்திப் பார்த்துச் சொல்கிறது. அதெல்லாம் வருவதற்கு முன்னாலேயே ஒரு பெண் திமிங்கலத்தின் கதை உண்டு. 1999இல் பிரேசில் பக்கம் படமெடுத்தார்கள். 2001இல் மடகாஸ்கர் பக்கம் யாரோ ஒரு சுற்றுலாப் பயணி எடுத்த படத்திலும் அதே வால். 9,800 கிலோமீட்டர் இடைவெளி. விஞ்ஞானிகள் அதைக் கட்டுரையாக வெளியிட்டது 2010இல். அந்தப் பயணி யாருக்கும் கட்டணம் கட்டி உதவியாளர் ஆனவர் அல்ல.

நம்ம பக்கத்து உதாரணம் வேண்டுமானால், 2005 ஏப்ரலில் டெலவேர் ஆற்றில் ஒரு பெலூகா திமிங்கலம் ட்ரென்டன் வரைக்கும் நீந்தி வந்தது. வெஸ்ட் வின்ட்சரிலிருந்து இருபது நிமிஷ டிரைவ்! (1938இல் வானொலி நாடகத்தில் செவ்வாய்க் கிரகத்துக்காரர்கள் வந்து இறங்கியதும் இதே வெஸ்ட் வின்ட்சரின் க்ரோவர்ஸ் மில்லில்தான். அது கற்பனை, இது நிஜம்.) வெள்ளைத் திமிங்கலத்தைப் பார்க்க ஆற்றங்கரையில் கூட்டம் கூடியது. அது கனடாவின் செயின்ட் லாரன்ஸ் ஆற்று முகத்துவாரத்தைச் சேர்ந்தது, பெயர் ஹெலிஸ் என்று முதுகு வடுக்களை வைத்தே சொல்லிவிட்டார்கள். அங்கே பல வருஷமாகப் படமெடுத்துச் சேர்த்து வைத்திருந்தவர்கள் இருந்ததால்தான் சொல்ல முடிந்தது.

இதெல்லாம் யாருக்கு லாபம் என்று கேட்பீர்கள். 2022 டிசம்பரிலிருந்து நம் ஜெர்சி கடற்கரையில் வரிசையாகத் திமிங்கலங்கள் செத்து ஒதுங்கின. கடலில் காற்றாலை போட நடக்கும் சர்வேதான் காரணம் என்று ஒரு கூட்டம், அதெல்லாம் அரசியல் என்று இன்னொரு கூட்டம். எங்கள் வாட்ஸ்அப் குரூப்பிலேயே இரண்டு பேர் இன்றைக்கும் பேசிக்கொள்வதில்லை. கடல் மீன்வளத்தைக் கவனிக்கும் நோவா அமைப்பு, காற்றாலை சர்வேயோடு தொடர்புபடுத்த ஆதாரம் இல்லை என்றது. அட்லாண்டிக் கரையில் 2016 ஜனவரியிலிருந்தே கூன்முதுகுத் திமிங்கலங்கள் வழக்கத்துக்கு மாறாக அதிகம் சாகின்றன. உடலைப் பரிசோதிக்க முடிந்தவற்றில் சுமார் 40 சதவீதத்தில் கப்பல் மோதியதற்கோ வலையில் சிக்கியதற்கோ அடையாளம் இருந்தது.

ஏன் கப்பலில் மாட்டுகின்றன? ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரும் அவரோடு சேர்ந்தவர்களும், நியூயார்க் துறைமுக வாசலில் 2012 முதல் 2018 வரை எடுத்த படங்களிலிருந்து 101 திமிங்கலங்களைத் தனித்தனியாக அடையாளம் கண்டார்கள். சும்மா கடந்து போகிறவை அல்ல அவை. சராசரியாக ஒரு மாதத்துக்கும் மேல் தங்குகின்றன, சில அடுத்தடுத்த வருஷங்களில் திரும்பியும் வருகின்றன. பங்கர் மீன் கூட்டம் அங்கே கிடைக்கிறது. கப்பல்களும் அதே வழியாகத்தான் வர வேண்டும். அந்தப் படங்களில் பெரும் பகுதி திமிங்கலம் பார்க்கப் போகும் படகுகளில் ஏறிய சாதாரண மனிதர்கள் எடுத்தவை. வாட்ஸ்அப்பில் நாம் சண்டை போட்ட நேரத்தில் அவர்கள் வால் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

இனி, காசு கட்டித் தூர தேசம் போகும் விஷயத்துக்கு வருகிறேன். அனுப்பும் முன் நான் கேட்கச் சொல்வது மூன்று கேள்விகள். அந்த ஆய்வுக்கு அனுமதி யார் பெயரில் இருக்கிறது? இங்கே 1972லிருந்து கடல் பாலூட்டிகளுக்கென்று சட்டம் உண்டு. ஆராய்ச்சிக்காக நெருங்கிப் போக பெர்மிட் வேண்டும். எடுக்கும் குறிப்புகளை யார் பயன்படுத்தி என்ன வெளியிட்டிருக்கிறார்கள்? மூன்றாவது, எனக்கு முக்கியமானது: அந்தப் படகில் அந்த ஊர்க்காரர்கள் எத்தனை பேர்? சமைப்பவரையும் படகு ஓட்டுபவரையும் விட்டுவிட்டு எண்ண வேண்டும்.

இலங்கையின் ஆஷா டி வோஸ் இதைப் பற்றித்தான் வருஷக்கணக்காகப் பேசுகிறார். வெளிநாட்டு விஞ்ஞானிகள் வந்து இறங்கி, தகவலை அள்ளிக்கொண்டு, உள்ளூரில் யாரையும் வளர்த்துவிடாமல் கிளம்பிப் போவதை பாராசூட் அறிவியல் என்கிறார். அவரே உதவியாளராக நுழைந்தவர். படிப்பு முடித்து, ஸ்காட்லாந்தில் உருளைக்கிழங்குத் தோட்டத்தில் கூலி வேலை பார்த்துக் காசு சேர்த்தார். ஒடிஸி என்ற ஆராய்ச்சிக் கப்பல் மாலத்தீவுக்கு வருவது தெரிந்து, சேர்த்துக்கொள்ளச் சொல்லி விடாமல் எழுதிக் கேட்டு ஏறினார். 2003இல் அந்தக் கப்பலிலிருந்துதான் தன் சொந்த நாட்டுக் கடலில் நீலத் திமிங்கலக் கூட்டத்தையும், தண்ணீரில் மிதந்த அதன் செங்கல் நிறக் கழிவையும் பார்த்தார். அங்கேயே அவை இரை தின்கின்றன என்பதற்கு அது தடயம். இலங்கையின் தென்முனையை ஒட்டி உலகத்திலேயே நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று போகிறது. பல வருஷக் கணக்கெடுப்புக்கும் வற்புறுத்தலுக்கும் பிறகு, 2022இல் எம்எஸ்சி என்ற பெரிய கப்பல் நிறுவனம் தன் கப்பல்களை இன்னும் தெற்கே தள்ளி ஓட்டத் தொடங்கியது.

எங்கள் ஊர்ப் பக்கம் என்ன நடந்தது என்று சொல்கிறேன். 2016 ஜனவரி, பொங்கலுக்கு இரண்டு மூன்று நாள் முன்னால், மணப்பாடு, கல்லாமொழிக் கரையில் 80க்கும் மேற்பட்ட குட்டைத் துடுப்புத் திமிங்கலங்கள் வந்து ஒதுங்கின. சித்தப்பா போன் போட்டார். "ராத்திரி பூரா தள்ளுதாவ, அது திரும்பவும் கரைக்கே வருதுலே." மீனவர்கள் கயிறு கட்டிப் படகில் இழுத்துக் கடலில் விட்டார்கள். இழுத்து விட்டவற்றில் சில மறுபடி கரைக்கு வந்தன. கூட்டத்தை விட்டுப் பிரியாத ஜாதி அது. 40க்கும் மேற்பட்டவை செத்துப்போயின, குழி தோண்டிப் புதைத்தார்கள். 1973லும் இதே பொங்கல் சமயத்தில் தூத்துக்குடிப் பக்கம் 147 ஒதுங்கியதை மீன்வள ஆராய்ச்சிக்காரர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

அன்றைக்குத் தண்ணீரில் இறங்கித் தள்ளியவர்களுக்கு யாரும் சர்டிஃபிகேட் கொடுக்கவில்லை. கொடுத்திருக்க வேண்டும் என்றும் அவர்கள் நினைக்கவில்லை. ஆனால் தினமும் கடலுக்குப் போகிற அந்த வீட்டுப் பிள்ளைகள் கையில் ஒரு நோட்டும் ஒரு கேமராவும் வருஷம் முழுக்க இருந்திருந்தால்? எந்த மாசம் எங்கே பார்த்தோம், எங்கே பார்க்கவில்லை என்று? நாலாயிரம் டாலருக்கு எத்தனை நோட்டு, எத்தனை கேமரா என்று என் மூளை தானாகவே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. மகளிடம் சொன்னேன். அவள் இன்னும் அதைப் பற்றிச் சித்தப்பாவோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருக்கிறாள். அவருக்குத் தெரிந்த மணப்பாட்டு வாத்தியார் ஒருவர் வரைக்கும் போயிருக்கிறது.

இதையெல்லாம் சொல்லி நண்பரை மடக்கலாம் என்று செப்டம்பரில் பார்க்கிங் லாட்டுக்குப் போனேன். அவர் மகள் திரும்பி வந்திருந்தாள். எப்படிம்மா இருந்தது, எத்தனை திமிங்கலம் பார்த்தே என்று கேட்டேன். "நாலு நாள் படகே எடுக்கல அங்கிள், காத்து. அப்புறம் ரெண்டு தடவ பாத்தோம். மத்த நேரம் போட்டோ பிரிச்சோம், பாத்திரம் கழுவினோம்." முகத்தில் ஒரு அலுப்பும் இல்லை. என் மகளை உட்கார வைத்து, டால்ஃபின் துடுப்பின் வெட்டுகளைப் பின்ஓரத்தில் மேலிருந்து கீழே எப்படி எண்ணுவது என்று அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்தாள். நான் தயார் பண்ணி வைத்திருந்த பேச்சு வாயிலேயே நின்றுபோயிற்று. காசு கட்டிப் போனதால் அவள் கற்றுக்கொண்டது குறைந்துவிடவில்லை. அவளுடைய கட்டுரையில் அந்த நாலு காற்று நாட்களும் இடம்பெறுமா என்று மட்டும் நண்பரிடம் கேட்டேன். "கவுன்சலர் வேணாம்னு சொல்றார்" என்றார்.

இந்த வருஷம் இரண்டு பெண்களும் ஒரே படகில் போகிறார்கள். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். எனக்கு இஞ்சி மரப்பா வாங்க வேண்டியிருக்கிறது.