ஷாஃப்டை வெட்டும் முன்

ஜீப்புக்கு ஐந்து கியர் பெட்டி மாற்றுவது எங்கள் பக்கம் இப்போது ஒரு மோகமாகவே ஆகிவிட்டது. போடி, தேவாரம், கம்பம், எந்தப் பட்டறைக்குப் போனாலும் ஒரு ஜீப்பின் வயிற்றைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். மாற்றுவதில் எனக்கு மறுப்பு இல்லை. பழைய மூன்று கியர் பெட்டியை மலையில் ஓட்டியவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது. ஏற்றத்தில் இரண்டாவது திணறும்போது முதலுக்கு இறங்க வேண்டுமானால் டபுள் கிளட்ச் பழகியிருக்க வேண்டும், அல்லது வண்டியை நிறுத்தியே ஆக வேண்டும். நடுவில் ஒரு கியர் கூடக் கிடைப்பது டிரைவருக்கு வரம்தான்.

என் குறை வேறு. பெட்டியைத் தூக்கி உட்கார வைக்க மூன்று நாள் மெனக்கெடும் அதே பட்டறை, பிராப்பல்லர் ஷாஃப்ட் வேலையை அரை மணியில் முடித்து அனுப்புகிறது.

புதுப் பெட்டி பழையதைவிட நீளம். அதன் முதுகில் ஒட்டியிருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் அந்த அளவு பின்னால் தள்ளிப் போகும். பின் ஷாஃப்ட் நாலு அங்குலம் குறைய வேண்டுமானால், முன் ஷாஃப்ட் நாலு அங்குலம் கூட வேண்டும். இதுவரை எல்லோருக்கும் தெரியும். அடுத்து என்ன செய்கிறார்கள்? வண்டி ஸ்டாண்டில் நிற்கிறது, அச்சு பட்டையோடு கீழே தொங்குகிறது. அந்த நிலையிலேயே டேப் பிடித்து, சாக்பீஸால் கோடு போட்டு, குழாயை அறுத்து, வெல்டிங் வைத்துவிடுகிறார்கள். தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தால் சத்தம் இல்லை. வேலை முடிந்தது!

தொங்கும் அச்சில் எடுத்த அளவு, ஓடும் வண்டியின் அளவு ஆகாது. ஆள் ஏறினால் பட்டை நிமிரும், அச்சு மேலே வரும், இரண்டு முனைகளுக்கும் நடுவே உள்ள தூரம் மாறும். பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினால் மறுபடி மாறும். இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கத்தான் ஷாஃப்டில் ஸ்ப்லைன் போட்ட ஸ்லிப் ஜாயின்ட் வைத்திருக்கிறார்கள். டெலஸ்கோப் மாதிரி உள்ளே போகும், வெளியே வரும். ஷாஃப்ட் நீளமாக இருந்தால் அது உள்ளே போய் முட்டிக்கொண்டு, டிரான்ஸ்ஃபர் கேஸ் பேரிங்கையும் கிரௌன் பினியன் பேரிங்கையும் இடிக்கும். இதற்குச் சத்தம் உண்டு, எண்ணெய் ஒழுகும், எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள். குட்டையாக இருந்தால்தான் மோசம். ஒரு சத்தமும் வராது. ஒருநாள் கழன்று விழும்.

என் அக்கா மகன் ஒரு ஜீப் வைத்திருக்கிறான். விடிகாலையில் பெண் ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக ஏலத் தோட்டத்துக்குப் போய், சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவான். பெட்டி மாற்றி ஒரு மாதம் ஆகியிருந்தது. முப்பத்தொரு வருஷம் பஸ் டிப்போவில் வண்டிக்கு அடியிலேயே கிடந்தவன் நான். வண்டி வீட்டு வாசலில் நின்றால் குனிந்து பார்க்காமல் இருக்க மாட்டேன். பின் ஷாஃப்டின் ஸ்ப்லைனில் புதிதாகத் தேய்ந்து பளபளக்கும் இடம் எதுவரை வந்திருக்கிறது என்று விரல் வைத்துப் பார்த்தேன். முனைக்கு ஒரு அங்குலம்தான் பாக்கி.

"நல்லாத்தானே மாமா ஓடுது?" என்றான்.

"ரோட்டுல ஓடுது மாப்ள. தோட்டத்துக்குள்ள பாறையில ஒரு சக்கரம் தொங்குச்சுன்னா?"

"கழண்டா என்ன, பிரேக் போட்டு நிறுத்திக்கலாம்ல?"

இந்தப் பதிவை எழுதக் காரணமே இந்தக் கேள்விதான். இதையே பல பேர் வாயில் கேட்டுவிட்டேன்.

பழைய வில்லிஸ் வழியில் வந்த ஜீப்பில் ஹேண்ட் பிரேக் எங்கே இருக்கிறது என்று எத்தனை ஓனர்களுக்குத் தெரியும்? பின் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறம், பிராப்பல்லர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் ஒரே ஒரு டிரம். லீவரை இழுத்தால் அந்த டிரம்மைப் பிடிக்கும், டிரம் ஷாஃப்டைப் பிடிக்கும், ஷாஃப்ட்தான் சக்கரத்தைப் பிடிக்கும். நடுவில் ஷாஃப்ட் இல்லையென்றால் லீவரை எவ்வளவு இழுத்தாலும் டிரம் மட்டும் நிற்கும், வண்டி போய்க்கொண்டே இருக்கும். எஞ்சின் பிடிப்பும் அதே ஷாஃப்ட் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. ஃபோர் வீல் போட்டிருந்தால் முன் ஷாஃப்ட் கொஞ்சம் காப்பாற்றும். தார் ரோட்டில் யாரும் ஃபோர் வீல் போட்டு இறங்குவதில்லை.

பின் ஷாஃப்ட் கழன்ற நொடியில் கியர், ஹேண்ட் பிரேக் இரண்டும் ஒன்றாகப் போய்விடும். மிச்சம் கால் பிரேக் மட்டும். போடிமெட்டில் 17 கொண்டை ஊசி வளைவு. பாதி வழி இறங்கும்போதே டிரம் சூடேறியிருக்கும். கழன்ற முனை தரையில் அடித்துச் சுழன்று பிரேக் பைப்பையும் வெட்டிவிட்டால்? ஷாஃப்ட் கழன்றால் வண்டி நின்றுவிடும் என்பது சமதரையில் இருப்பவர் பேச்சு.

சரி, எப்படிச் செய்ய வேண்டும்? வண்டி நாலு சக்கரத்தில் தரையில் நிற்கும்போது ஒரு அளவு. வழக்கமாக ஏறும் ஆட்களை ஏற்றி உட்கார வைத்து ஒரு அளவு. சேஸியில் ஜாக்கி கொடுத்து, சக்கரம் தரையை விட்டு எழும்பி அச்சு முழுவதும் தொங்கும்போது ஒரு அளவு. மூன்றும் கிராஸ் மையத்திலிருந்து கிராஸ் மையம் வரை. மிகக் குறைந்த அளவில் ஸ்லிப் ஜாயின்ட் முட்டாமல் ஒரு அங்குலம் உள்ளே இடம் இருக்க வேண்டும். மிக அதிக அளவில், ஸ்ப்லைன் தண்டின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளமாவது உள்ளே பிடித்திருக்க வேண்டும். இது என் கணக்கு. இதற்குக் குறைந்தால் நான் அந்த வண்டியில் ஏற மாட்டேன். இரண்டுக்கும் இடம் போதவில்லை என்றால் நீள ஸ்ப்லைன் உள்ள ஜாயின்ட் தேடித்தான் போட வேண்டும். பழைய இரும்புக் கடையில் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றக் கூடாது. முன் ஷாஃப்டுக்கும் இதே மூன்று அளவு. பின்னால் வெட்டிய துண்டை எடுத்து முன்னால் ஒட்டுப் போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அளவு சரியானாலும் வெல்டிங்கில் கோட்டை விடுகிறார்கள். இரண்டு முனை யோக்கும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். கிராஸ் ஜாயின்ட் கோணத்தில் சுற்றும்போது ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் ஏறி இறங்கும். முன் ஜாயின்ட் செய்யும் அந்த ஆட்டத்தைப் பின் ஜாயின்ட் சரிக்கட்டும், யோக் நேராக இருந்தால் மட்டும். ஒரு பல் தள்ளி மாட்டினால்கூட உதறல்தான். கம்பெனி ஷாஃப்டில் அம்புக்குறி போட்டிருப்பது அழகுக்கு அல்ல.

கோணத்தையும் யாரும் பார்ப்பதில்லை. ஒரு கணக்குக்கு, 24 அங்குலத் தூரத்தில் ஷாஃப்ட் 5 அங்குலம் இறங்கினால் சுமார் 12 பாகை. அதே இறக்கம் 20 அங்குலத்தில் வந்தால் 14 பாகை. இதோடு உயரம் வேண்டும் என்று பட்டையையும் தூக்கிவிடுகிறார்கள். பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு கிராஸ் செட் போகிறது, கம்பெனி சரியில்லை என்று திட்டுகிறார்கள்.

பேலன்ஸ் பார்ப்பதை "அதெல்லாம் காருக்கு" என்பார்கள். பழைய ஜீப்பின் கிரௌன் விகிதம் 5.38. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 2,300 சுற்றுக்கு மேல் சுற்றும். ஐந்தாவது கியர் கிடைத்த சந்தோஷத்தில் இன்னும் விரட்டுவார்கள். லேத்தில் குழாய் முனையைச் சீவி, யோக்கை இறுக்கி அடித்து, நாலு இடத்தில் புள்ளி வைத்து, டயல் கேஜ் வைத்து ஓட்டம் பார்த்த பிறகே முழு வெல்டிங் ஓட்ட வேண்டும். அதற்குப் பிறகு பேலன்சிங். அதற்கு மதுரை வரை போக வேண்டியிருக்கலாம். போங்கள். ஒரு லட்சத்துக்குப் பெட்டி போட்டவருக்கு இரண்டு நாள் வாடகை பெரிய நஷ்டமா?

பஸ்ஸில் ஷாஃப்டின் முன் முனைக்கு அடியில் ஒரு இரும்பு வளையம் தொங்கும். கழன்றாலும் தரையில் குத்தாமல் தாங்கிக்கொள்ள. ஜீப்புக்கும் இரண்டு அங்குலப் பட்டையை வளைத்து நாலு போல்ட்டில் மாட்டலாம். அரைநாள் வேலை. எந்தப் பட்டறையும் தானாகச் செய்து தருவதில்லை, ஓனரும் கேட்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்கப் போகும் நண்பர்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆவது பிரிவைப் படித்துவிட்டுப் பெட்டியில் கை வையுங்கள். அது தனிப் பதிவுக்கான விஷயம்.

அக்கா மகன் வண்டியை நான்கு நாள் நிறுத்திவிட்டேன். தோட்டத்து மேஸ்திரி வேறு ஜீப் பிடித்துவிடுவார் என்று அவனுக்குக் கவலை, நியாயமான கவலைதான். ஆட்களை ஏற்றி அளவு எடுக்க வேண்டும் என்று சொல்லி, அவன் வண்டியில் வழக்கமாகப் போகும் பெண்களையே ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னோம். தூக்குவாளியோடு ஏறி உட்கார்ந்துகொண்டு, "எதுக்குண்ணே எங்களை வச்சு எடை போடுறீங்க?" என்று ஒரே சிரிப்பு. நான் அடியில் படுத்துக்கொண்டே டேப்பைப் படித்துச் சொல்ல, அவன் கதவில் சாக்பீஸால் எழுதிக்கொண்டான். தொங்கும்போது எடுத்ததற்கும் ஆள் ஏறியபோது எடுத்ததற்கும் ஒன்றேகால் அங்குலம் வித்தியாசம்.