வேடிக்கையா, ஆண்டைத்தனமா?

1959-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் 25 மாணவர்கள் ஒரே டெலிபோன் பூத்துக்குள் அடைந்து நின்றார்கள். அந்தப் பைத்தியம் அமெரிக்கக் கல்லூரிகளுக்கும் தொற்றியது. கோமாளித்தனம்தான். ஆனால் நெரிபட்டது அவர்கள் உடம்பே. பிறர் மானம் அல்ல.

ராகிங் அப்படியா? இல்லை, தோழர்களே! புதிதாக வந்து தனியே நிற்பவனை மண்டியிட வைத்துச் சிரிப்பது வேடிக்கையல்ல, ஆண்டைத்தனம்.

1996-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர் நாவரசு கொலையுண்டார். அவர் ஒரு துணைவேந்தரின் மகன். அவருக்கே அந்தக் கதி என்றால், ஆம்பூர் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நிற்கும் தொழிலாளியின் மகனுக்கு யார் துணை?

நாடு கொதித்தது. 1997-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது: 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். ஆயினும் 2023-இல் நமது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலேயே ராகிங் வீடியோ வெளிவந்து, 7 சீனியர் மாணவர்கள் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள்.

காரணம் என்ன? "நான் பட்டேன், நீயும் படு" என்ற புத்தி சாகவில்லை. அடி வாங்கிய கூலிக்காரன் மேஸ்திரியானதும் அடிப்பானே, அதே புத்தி! ஆலையிலும் வயலிலும் அதை அடக்கியது சட்டம் மட்டுமல்ல, சங்கம்.

வயிற்றைக் கட்டிப் பிள்ளையைப் படிக்க அனுப்பும் பெற்றோர்களே! கொடுமை நடந்தால் மூடி மறைக்காதீர்கள். 1800-180-5522 என்ற எண்ணில் புகார் சொல்லுங்கள். மாணவர் சங்கத்தையும் அழையுங்கள். இரண்டாம் ஆண்டுக்குப் போகும் மகனிடமும் சொல்லி அனுப்புங்கள்: புதிதாக வருபவன் உன் தம்பி, உன் பண்ணையாள் அல்ல!