வாழையடி வாழையாக வந்த வினை

பிலிமத்தலாவையிலிருந்து கடலாதெனிய விகாரைப் பக்கமாக நடந்து செல்வோர் வீதியின் இருமருங்கிலும் வாழையைக் காணாது போதல் அரிது. பலாவும் கமுகும் கோப்பியும் மிளகுக் கொடியும் நெருங்கி நிற்கும் கண்டி வளவுகளில் இடைவெளி எங்கேயுண்டோ அங்கேயெல்லாம் ஒரு வாழை நிற்கும். அதற்கு நீரிறைப்பாருமில்லை, எருவிடுவாருமில்லை. ஆயினும் அது குலையீனும். வீட்டுத் தேவைக்குப் போக எஞ்சியது கடைக்குப் போகும். பிள்ளையின் கொப்பிச் செலவோ, பொங்கற் செலவோ அதனால் தீரும். கூலிவேலை கிடைக்காத வாரங்களில் இந்தக் குலையொன்றே கைகொடுக்கும் வீடுகள் இவ்வட்டாரத்தில் பல என்பதை நாம் அறிவோம்.

இவ்வாழைகளுள் சில குலையீனாமலே நின்றுவிடுகின்றன. புதிதாக விரியும் இலை முன்னதிலும் சிறுத்து, ஒடுங்கி, நிமிர்ந்து நிற்கும். விளிம்பு மஞ்சளாகும்; தொட்டால் முறியும். இலைகளெல்லாம் உச்சியில் நெருங்கிக் கட்டிவைத்த துடைப்பம் போலத் தோன்றும். இவ்வளவும் தோன்றுமுன்னரே நோயைக் கண்டுகொள்ள வழியொன்றுண்டு. இலையின் காம்பையும் அடிப்பக்கத்து நடுநரம்பையும் வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தால், கரும்பச்சை நிறத்தில் புள்ளியும் கோடுமாகத் தந்திக் குறிகளைப் போன்ற அடையாளங்கள் தெரியும். தந்தி மறைந்த இக்காலத்து மாணவர்க்கு இவ்வுவமை விளங்குமோ என்பது ஐயமே!

தமிழ்நாட்டார் இதனை முடிக்கொத்து நோய் என்பர். எமது சிங்கள அயலவர் ‘வந்த பீதீம’ என்பர். ‘வந்த’ என்பது மலட்டைக் குறிக்கும் சொல்; வடமொழி ‘வந்தியா’வின் உறவு. தமிழ்ப் பெயர் நோயின் தோற்றத்தைச் சொல்ல, சிங்களப் பெயர் அதனால் வரும் இழப்பைச் சொல்லுகின்றது. எமக்கென்னவோ அயலவரின் பெயரே பொருத்தமாகப் படுகின்றது.

நோய்க்குக் காரணம் ஒரு வைரசு. ஒரு மில்லிமீற்றர் நீளத்தில் ஏறக்குறைய ஐம்பதினாயிரம் துணிக்கைகளை வரிசையாக வைக்கலாம், அத்துணை நுண்ணியது. காலில்லை, இறகில்லை, தானாக ஓர் அங்குலமும் நகர மாட்டாது. அதைச் சுமந்து செல்வது வாழை அழுக்கணவன் என்னும் சிறு பூச்சி; அசுவினி என்பாருமுளர். வாழையின் அடியிலும், இளங்குருத்தைச் சூழ்ந்த மட்டைகளின் இடுக்கிலும் கருங்கபில நிறத்திற் கூட்டமாக ஒட்டியிருக்கும். ஊசி போன்ற வாயை இலையின் உணவு நாளங்களிற் செலுத்திச் சாற்றை உறிஞ்சும். அந்நாளங்களிலேயே வைரசும் வாழ்கின்றது. நோயுற்ற வாழையிற் சில மணிநேரம் உறிஞ்சிய பூச்சி, பின்னர் தன் ஆயுள் முழுவதும் நோயைப் பரப்ப வல்லது. அப்பூச்சிக்கோ நோயாற் கெடுதி எதுவும் தெரிவதில்லை. பெண் பூச்சிகள் ஆணின் துணையின்றியே குஞ்சுகளை ஈனுகின்றன; கூட்டம் மிகுந்ததும் சிலவற்றுக்குச் சிறகு முளைக்கும். அவை கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அவற்றைக் காவல் செய்யும். வாழையடியில் எறும்புச் சாரியைக் கண்டால் மட்டையைச் சற்றே விலக்கிப் பார்க்க வேண்டுவது இதனாலேதான்.

இச்செய்திகள் எளிதிற் கிடைத்தவையல்ல. அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் 1913-ஆம் ஆண்டளவில் இந்நோய் தோன்றி, 1920-களின் நடுப்பகுதிக்குள் அங்குள்ள வாழைத் தொழிலை அநேகமாக அழித்தேவிட்டது. தோட்டக்காரர் ஊரைவிட்டே போயினர். வேரையும் மண்ணையும் சந்தேகித்தோர் இருந்தனர். மகீ என்னும் இளம் ஆய்வாளரே, அழுக்கணவனை நோயுற்ற வாழையிலிருந்து நல்ல வாழைக்கு மாற்றி வைத்துக் காத்திருந்து, குற்றவாளி யாரென்பதை மெய்ப்பித்தார். அவரது அறிக்கை 1927-இல் வெளிவந்தது. மருந்தெதுவும் இல்லையென்பதும் அப்பொழுதே தெளிவாயிற்று. ஆகவே தோட்டந்தோறும் சென்று பார்த்து, நோயுற்ற வாழையைக் கிழங்கோடு அழிப்பதைச் சட்டமாக்கினர். வாழைத் தொழில் மீண்டது. வைரசின் மரபுப்பொருள் ஆறு சிறு வளையங்களாக அமைந்திருப்பதை 1990-களில் அறிந்தனர். அதன் பின்னரும் தோட்டக்காரன் செய்ய வேண்டியது மாறவில்லை.

இலங்கையில் இந்நோய் பதிவானதும் அதே 1913-ஆம் ஆண்டில்தான். 1940-ஆம் ஆண்டளவில் இங்கிருந்து கேரளத்துக்குச் சென்றதாகவே பல நூல்கள் கூறும். தமிழ்நாட்டில் கீழ்ப்பழனி மலைகளின் புகழ்பெற்ற விருப்பாட்சி வாழைத் தோட்டங்கள் இந்நோயாற் பெரிதும் சுருங்கின. அழுக்கணவன் கடல் கடந்து பறந்ததா? இல்லை. அது நோயைப் பெரும்பாலும் இருபது மீற்றர் தூரத்துக்குள்ளேயே பரப்புகின்றது. கடல் கடத்தியவன் மனிதன். நல்ல வாழையென்று குட்டியைத் தோண்டிச் சாக்கிற் கட்டிச் சென்றான். நோய் குட்டிக்குள் இருந்தது. நோய் தொற்றிய வாழை ஒரு மாதமோ, அதற்கு மேலுமோ குறியெதுவும் காட்டாதிருக்கும் என்பதால் கொடுத்தவனையும் குறைகூற இயலாது.

மரவள்ளிக்கும் இதே கதைதான். இலங்கையின் பெயரையே தாங்கிய மரவள்ளித் தேமல் வைரசு ஒன்றுண்டு. அதைப் பரப்புவது வெண்ணீ என்னும் பூச்சி. 2015-இல் கம்போடியாவிற் காணப்பட்ட இவ்வைரசு சில ஆண்டுகளுள் வியட்நாமையும் தாய்லாந்தையும் எட்டியது. தடி வெட்டி நடும் பயிராதலின் தடியோடு நோயும் போயிற்று.

நெல் விதையால் வளர்வது. அதனால் தப்பியது என எண்ண வேண்டா. கபிலநிறத் தத்தி என்னும் பூச்சி, பயிரைக் குட்டையாக்கிக் கதிரின்றி வெறும் புற்கற்றையாக்கும் ஒரு வைரசைச் சுமக்கின்றது. 1970-களில் ஆசிய நாடுகள் பலவற்றில் அது பெருஞ்சேதம் விளைத்தது. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் 6,000-இற்கும் மேற்பட்ட நெல்வகைகளைச் சோதித்தும் பயன்பட்டது ஒன்றே. அதுவும் பயிர்நெல்லன்று, உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த நீவாரம் என்னும் காட்டுப்புல். ஆச்சிரமத்து முனிவர்கள் உண்டதாகக் காவியங்கள் கூறும் உழாது விளையும் தானியம் அதுவே. அதன் பண்பைச் சேர்த்து உருவாக்கிய ஐ.ஆர். 36 என்னும் நெல் 1976-இல் வெளிவந்து, பின்னர் உலகில் மிகப் பரவலாக விளைந்த நெல்லாயிற்று. நீவாரம் இலங்கையின் குளக்கரைகளிலும் வளர்கின்றது. களையென்று அதைப் பிடுங்குகின்றோம்! வாழைக்கு இத்தகைய காட்டுறவின் துணை இன்னும் வாய்க்கவில்லை.

எம்மிடம் பயிலும் மாணவி ஒருத்தி அண்மையில் இலைக்காம்பொன்றைக் கடதாசியிற் சுற்றிக் கொண்டு வந்தாள். தந்திக் குறிகள் தெளிவாகத் தெரிந்தன. தூறு முழுவதையும் அகழ வேண்டும் என்றோம். அவளது பாட்டி சம்மதிக்கவில்லை. கணவரோடு தோட்டத்தை விட்டு இவ்வூருக்கு வந்தபோது தாய்வீட்டிலிருந்து தலையிற் சுமந்து வந்த குட்டியின் வழிவந்த கோழிக்கூட்டு வாழை அது. மூன்று பிள்ளைகளின் திருமணப் பந்தலுக்கும் குலைவாழை தந்தது. “நோயுள்ளதை வெட்டுகிறேன்; அந்தப் பக்கத்துக் குட்டி பச்சையாகத்தானே நிற்கிறது, அதையாவது எடுத்து வைக்கக்கூடாதா?” என்று பேத்தியிடம் கேட்டு விடுத்திருந்தார்.

கேள்வி நியாயமானது, எனினும் விடை ‘கூடாது’ என்பதே. மண்ணுக்குமேல் தனித்தனியாக நிற்பவை மண்ணுக்குக் கீழே ஒரே கிழங்கு. ஒன்றில் புகுந்தது மற்றதிலும் ஓடும். வெட்டுவதற்கு முன் குருத்திலும் அடியிலும் மண்ணெண்ணெயோ பூச்சிகொல்லியோ இட்டு அழுக்கணவனைக் கொல்ல வேண்டும்; இன்றேல் வெட்டிய வாழையை விட்டு அவை அடுத்த வளவுக்குப் போய்விடும். பின்னர் கிழங்கை முற்றாகத் தோண்டித் துண்டு துண்டாக்க வேண்டும். மிச்சம் ஒன்று தளிர்த்தாலும் பட்ட பாடு வீண். மீண்டும் நடுவதாயின் நோயற்றதெனச் சோதித்த தாய்வாழையிலிருந்து எடுத்த குட்டியோ, இழைய வளர்ப்புக் கன்றோ வேண்டும். இழையக் கன்றுக்கும் எதிர்ப்புச் சக்தி என்று ஒன்றில்லை. அது நோயின்றிப் பிறந்தது, அவ்வளவே. அயலில் நோயிருந்தால் அதையும் பிடிக்கும். ஆகையால் அயலவரும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பினோம்.

இரண்டு வாரம் சென்றது. பாட்டி தாமே முன்னின்று தூறை அகழ்வித்தாராம். அடுத்த வளவுச் சிங்களப் பெண்மணியையும் அழைத்துக் காம்பை வெளிச்சத்திற் பிடித்துக் காட்டினாராம். அவ்வளவிலும் இரண்டு தூறுகள் அகப்பட்டன. வாழை நின்ற குழியில் இப்பொழுது போஞ்சி நட்டிருக்கின்றார்கள்.