சப்பாத்தி வட்டமாகத்தான் இருந்தது

ஊரை விட்டுக் கிளம்பியபோது இட்லித் தட்டையும் தோசைக்கல்லையும் மறக்காமல் மூட்டை கட்டிக்கொண்டு வந்தவர்கள் நாம். வந்த இடத்தில் கூடவே சேர்ந்துகொண்டவை சப்பாத்திப் பலகையும் பூரிக்கட்டையும். ஊரில் என்றைக்கோ ஒருநாள் பலகாரமாக இருந்த சப்பாத்தி, மும்பையில் குழந்தைகளின் டிபன் டப்பாவுக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் நிரந்தரமாகிவிட்டது. எங்கள் வீட்டில் ஐந்து பேர். காலையும் இரவுமாகச் சேர்த்து நாளொன்றுக்கு முப்பதுக்குக் குறையாது. வருஷத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல். அத்தனையையும் தேய்த்தவர் ஒரே ஒருவர், என் மனைவி.

அவளுக்கு வலது தோளிலும் கழுத்திலும் வலி. எல்லாக் கணவன்மார்களையும் போல நானும் தைலம் வாங்கிக் கொடுத்துவிட்டு என் கடமை முடிந்தது என்றிருந்தேன். எக்ஸ்ரே எடுத்தோம். படத்தில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மாவோ, "நாங்க ஆட்டுக்கல்லுல ஆட்டாததா? இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு எதுக்கெடுத்தாலும் வலி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். என் மனைவி பதில் பேசவில்லை. உள்ளே போய் மாவு பிசைய ஆரம்பித்தாள்.

பிறகு ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் போனோம். அவர் தோளைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "சார், வீட்டில் இவர் சப்பாத்தி தேய்க்கும்போது நீங்கள் நின்று பார்த்ததுண்டா? முதல் சப்பாத்தியையும் பதினைந்தாவது சப்பாத்தியையும் கவனித்துவிட்டு வந்து சொல்லுங்கள்" என்றார். இத்தனை வருஷ இல்லறத்தில் ஒருநாளும் பார்த்ததில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

அன்று இரவு சமையலறை வாசலில் நின்றேன். முதல் நாலைந்து சப்பாத்திகளுக்கு வேலையெல்லாம் முழங்கையில்தான். கை மடங்கி நீண்டது, உடம்பு அசையவில்லை. பத்தாவதுக்கு மேல் வலது தோள் மெல்லக் காதை நோக்கி ஏறியது. பதினைந்தாவதில் கை அதிகம் மடங்கவேயில்லை. அதற்குப் பதிலாக இடுப்பிலிருந்து உடம்பு முழுவதும் முன்னும் பின்னும் ஆடியது. குதிகால்கூட லேசாகத் தரையை விட்டு எழும்பியது. "ஏங்க, இவ்வளவு நேரம் என்னத்தைப் பார்க்கறீங்க?" என்றாள். நான் தட்டைப் பார்த்தேன். முதல் சப்பாத்திக்கும் கடைசிச் சப்பாத்திக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. எல்லாமே வட்டம்!

விஷயம் இதில்தான் இருக்கிறது. ஒரு தசை ஓயாமல் ஒரே வேலையைச் செய்தால், அதே கட்டளைக்கு அது தரும் விசை குறைந்துகொண்டே வரும். ஆனால் மூளைக்குக் காரியம் நடக்க வேண்டும். ஆகவே களைத்த தசையை ஓரளவு விட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவற்றைத் துணைக்குக் கூப்பிடுகிறது. கனடாவில் மாண்ட்ரியல் நகர ஆராய்ச்சியாளர்கள், ஆட்களை ரம்பத்தால் தொடர்ந்து அறுக்க வைத்துப் பார்த்ததை 2002-இல் வெளியிட்டார்கள். களைப்பு ஏறியபின் முழங்கையின் அசைவு குறைந்தது, உடம்பின் அசைவு கூடியது. ரம்பம் போய்வந்த தூரமோ வேகமோ மாறவில்லை. அதே நகரில் 2009-இல் வெளியான இன்னொரு ஆய்வில், தோள் உயரத்தில் வைத்த இரு குறிகளை மாறி மாறித் தொடச் சொன்னார்கள். தோள் களைத்ததும் தோள்பட்டை மேலேறியது, உடம்பு மறுபக்கம் சாய்ந்தது. விரல் மட்டும் குறியைத் தொட்டுக்கொண்டே இருந்தது.

இது உடம்பின் சாமர்த்தியம், சந்தேகமில்லை. என்றைக்கோ ஒருநாள் என்றால் ஒரு கெடுதலும் இல்லை. ஒரு தசையின் பாரத்தைப் பல தசைகள் பங்கு போட்டுக்கொள்வது நல்லதும்கூட. ஆனால் தினமும் இதே கதை என்றால், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள தசைகளுக்கு இளைப்பாற நேரமே கிடைப்பதில்லை. கை வாங்கிய கடனைத் தோள் அடைக்கிறது. வேலையின் விளைவை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்தக் கடன் கண்ணில் படாது. சப்பாத்தி வட்டமாக இருக்கும்வரை, "அவளுக்கு என்ன, நன்றாகத்தானே செய்கிறாள்" என்றே சொல்லிக்கொண்டிருப்போம்.

இது சமையலறையோடு நிற்பதில்லை. தாராவியில் விடியுமுன் எழுந்து இட்லி ஊற்றும் நம் பெண்கள், தையல் மெஷின்முன் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைகள், எல்லாருக்கும் இதே கணக்குதான். நானே முப்பது வருஷம் தட்டச்சு செய்தவன். பழைய டைப்ரைட்டரில் ஒவ்வொரு வரி முடிவிலும் வண்டியைத் தள்ள வேண்டும், தாளை மாற்ற வேண்டும், கார்பன் வைக்க வேண்டும். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் விரல்களுக்கு அவை இளைப்பாறுதல் என்று கம்ப்யூட்டர் வந்த பிறகே புரிந்தது. இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1713-ஆம் ஆண்டிலேயே எழுத்தர்களின் நோய்களைப் பற்றி எழுதும்போது, ஓயாமல் ஒரே மாதிரி கையை அசைப்பதை ஒரு காரணமாகச் சொல்லியிருக்கிறார். முந்நூறு வருஷத்துக்கு முன்பே தெரிந்த விஷயம்!

அம்மாவின் ஆட்டுக்கல்லையும் யோசித்துப் பார்த்தேன். தரையில் உட்கார்ந்து ஆட்டுவார்கள். வலக்கை ஓய்ந்தால் இடக்கை. நடுவே மாவைத் தள்ளிவிட, தண்ணீர் தெளிக்க, பக்கத்து வீட்டு மாமியோடு பேச என்று எத்தனை இடைவேளை! அப்படியும் அம்மாவுக்கு வலி இருந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இதை நான் கேட்டபோது அம்மா கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "யார்ட்ட சொல்றது?" என்றார்.

தொழிற்சாலைக்கு 1948-இல் வந்த சட்டம், ஐந்து மணி நேர வேலைக்குள் அரை மணி ஓய்வு தரவேண்டும் என்று விதித்தது. சமையலறைக்கு அப்படிச் சட்டம் எதுவும் கிடையாது. நாமே போட்டுக்கொண்டால்தான் உண்டு. எங்கள் வீட்டில் போட்ட சட்டம் இதுதான். சமையல் மேடை அவள் உயரத்துக்கு அதிகம், அதனால்தான் தோளைத் தூக்கவேண்டியிருந்தது. இப்போது காலடியில் அகலமான, ஆடாத பலகை ஒன்று போட்டிருக்கிறோம். ஏழெட்டுச் சப்பாத்தி தேய்த்ததும் கட்டையைக் கீழே வைத்துவிட்டு அவள் சுட வேண்டும், நான் தேய்க்க வேண்டும். நான் தேய்ப்பது இலங்கைப் படம் மாதிரி வருகிறது என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். தோள்வலி அடியோடு போய்விட்டது என்று சொல்லமாட்டேன், ஆனால் ராத்திரி தூங்குகிறாள். கை மரத்துப்போனாலோ பிடி தளர்ந்தாலோ மட்டும் இந்தக் கைவைத்தியத்தை நம்பியிராமல் டாக்டரிடம் போகவேண்டும்.

கடைசியாக நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவில் முந்நூறு பேருக்குச் சாப்பாடு என்றால், தேங்காய் துருவுவது ஒவ்வொரு வருஷமும் அதே நான்கு பெண்கள்தான். "அவங்க கை வேகம் யாருக்கும் வராது" என்று புகழ்ந்துவிட்டு நாம் பட்டிமன்றம் கேட்கப் போய்விடுகிறோம். அடுத்த விழாவுக்கு அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாற்றுவதற்குச் செயற்குழு ஒரு பட்டியல் போடட்டும். அதில் ஆண்களின் பெயரும் இருக்கட்டும், முதல் பெயராக என் பெயரையே எழுதிக்கொள்ளலாம். தேங்காய்ப்பூ கொஞ்சம் கரடுமுரடாக விழுந்தால் பாயசம் ஒன்றும் கெட்டுப்போகாது.

இன்று இரவு சாப்பிட உட்காருமுன் இரண்டு நிமிஷம் சமையலறை வாசலில் நின்று பாருங்கள். சப்பாத்தியைப் பார்க்காதீர்கள், தோளைப் பாருங்கள்.