பெயின்ட் அடித்தால் புதியதா?

அல்ஜீரியா நாடு 2006-ஆம் ஆண்டு ரஷ்யாவிடம் மிக்-29 ரகப் போர் விமானங்கள் வாங்க ஒப்பந்தம் செய்தது. 15 விமானங்கள் வந்து இறங்கின. பிரித்துப் பார்த்தால், புதியது என்று விலை கொடுத்த விமானத்தில் பழைய பாகங்கள் இருப்பதாக அந்நாட்டார் குற்றம் சாட்டினர். 2008-இல் 15 விமானங்களும் திருப்பி அனுப்பப்பட்டன. பின்னர் அவற்றை ரஷ்ய விமானப்படையே எடுத்துக்கொண்டது. 2023-இல் லண்டனில் இன்னொரு விவகாரம் வெடித்தது. பயணிகள் விமான எஞ்சின்களுக்கான பாகங்களை, பழையவை உட்பட, பொய்ச் சான்றிதழ்களோடு ஏஓஜி டெக்னிக்ஸ் என்ற நிறுவனம் விற்றதாக எஞ்சின் தயாரிப்பாளர்கள் நீதிமன்றம் சென்றனர்.

நாம் விமானம் வாங்கப் போவதில்லை. கமலாபுரத்தில் அது இறங்குவதைப் பார்ப்பதோடு சரி. ஆனால் ஃப்ரீசர் வாங்குகிறோம், எலக்ட்ரானிக் தராசு வாங்குகிறோம், பில் போடும் மெஷின் வாங்குகிறோம். பொறியாளர் படையே வைத்திருக்கும் ஒரு அரசாங்கத்துக்கே இந்தக் கதி என்றால், வெள்ளக்கடையில் மளிகைக் கடை வைத்திருப்பவர் எம்மாத்திரம்?

பழைய ஃப்ரீசரில் கேஸ் ஏற்றி, கதவு ரப்பரை மாற்றி, பெயின்ட் அடித்து, ஸ்டிக்கர் ஒட்டி அட்டைப்பெட்டியில் வைத்துவிட்டால் பார்வைக்குப் புதியதுதான். கம்ப்ரசரின் வயது வெளியே தெரியாது. முதல் கோடையில்தான் தெரியும். சேலத்தில் இருப்பவர் மறுநாளே கடை வாசலில் போய் நிற்கலாம். 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே இருப்பவர் ஃப்ரீசரை வண்டியில் ஏற்றிக் கீழே கொண்டுபோகும் வாடகையைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, தலைவிதி என்று இருந்துவிடுகிறார். விற்பவரின் தைரியமே அதுதான்.

பழைய பொருளை வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. பழையது என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் அது நேர்மையான வியாபாரம். புதிதாகக் கடை போடுகிறவருக்கு அதுவே பெரிய உதவி. புதியது என்ற சொல்லில்தான் மோசடி இருக்கிறது. சட்டமும் இதைத் தெளிவாகவே சொல்கிறது. செப்பனிட்ட, புதுப்பித்த, ஒருவர் பயன்படுத்திய பொருளைப் புதியது என்று பொய்யாகக் கூறுவது முறையற்ற வணிகம் என 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருந்தது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இருக்கிறது. (போன வருட மிளகைப் புது மிளகோடு கலந்து விற்கும் நம்மவர்களும் இதைப் படிப்பது நல்லது.)

"நாம் வியாபாரி, நமக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது" என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாதிதான் உண்மை. கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் இயந்திரம் வாங்கிய லட்சுமி எஞ்சினீயரிங் ஒர்க்ஸ் தொடர்ந்த வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம், வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று தள்ளுபடி செய்தது. ஆனால் அதே தீர்ப்பில், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்கித் தானே பயன்படுத்துபவர் நுகர்வோர்தான் என்றும், ஒருவர் இருவரை உதவிக்கு வைத்துக்கொண்டாலும் அவர் அந்த உரிமையை இழப்பதில்லை என்றும் கூறப்பட்டது. சுயதொழிலுக்கான இந்த விலக்கு இன்றைய சட்டத்திலும் உண்டு. அதாவது, தானே கல்லாவில் உட்கார்ந்து ஒரு பையனை உதவிக்கு வைத்திருக்கும் கடைக்காரர் துணிந்து புகார் கொடுக்கலாம். மொத்த வியாபாரிகளுக்கு அந்த வழி கடினம். அவர்கள் 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின்படி சிவில் நீதிமன்றம்தான் போகவேண்டும்.

இன்றைய சட்டப்படி, தாம் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். விற்றவர் சென்னையில் இருந்தாலும் நாம் சேலத்தில் மனுப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

இதற்கெல்லாம் பில் வேண்டும். அங்கேதான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். வரி மிச்சம் என்று துண்டுச் சீட்டில் வாங்கிவிட்டு, பிறகு யாரிடம் போய் என்ன சொல்வது? பில்லில் "புதியது" என்ற வார்த்தையும், மெஷினின் சீரியல் எண்ணும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிறவரிடம் வாங்கவேண்டாம். பெட்டி மேல் உள்ள எண்ணும் மெஷினில் உள்ள எண்ணும் ஒன்றா என்று இறக்கும்போதே பார்த்துவிடுங்கள். அந்த எண்ணைச் சொல்லிக் கம்பெனிக்கே போன் செய்தால், எப்போது தயாரித்தது, வாரண்டி ஏற்கெனவே தொடங்கிவிட்டதா என்று கேட்டுவிடலாம்.

தராசில் இன்னும் கவனம் தேவை. எலக்ட்ரானிக் தராசுக்கு வருடம் ஒருமுறை முத்திரை போடவேண்டும். பட்டறைத் தராசைப் புதியது என்று நம்பி வாங்கி எடை தவறினால், தொழிலாளர் துறை ஆய்வாளர் விற்றவரைத் தேடிப் போகமாட்டார். நம் கடை வாசலில்தான் நிற்பார், அபராதமும் நம் பெயரில்தான். தராசின் தகட்டில் உள்ள எண்ணும் முத்திரைச் சான்றிதழில் உள்ள எண்ணும் பொருந்துகிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

சங்கத்துக்கு ஒரு யோசனை. உறுப்பினர்கள் ஆளுக்கொன்றாக வாங்காமல், கோடைக்கு முன் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து கம்பெனியின் நேரடி விநியோகஸ்தரிடம் ஒரே ஆர்டராகக் கொடுக்கலாம். விலையும் குறையும், மலைக்கு வரும் வண்டி வாடகையும் பங்காகும். அடுத்த செயற்குழுவில் இதை எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.