வைத்தியசாலை வாசலில் இழக்கும் மணித்தியாலங்கள்

அவசர சத்திர சிகிச்சைக்குப் பின் நோயாளி ஒருவர் வைத்தியசாலையிலேயே இறந்துவிட்டால், "விதி முடிந்தது" என்று கூறி வாளாவிருப்பது நம்மவர் வழக்கம். விதியின்மீது பழியைச் சுமத்துமுன் அம்மரணத்தில் மனிதர் பங்கு எவ்வளவு என்று ஆராய வேண்டாமா?

முதுமை, நீரிழிவு, இருதய நோய், சிறுநீரகக் கோளாறு, இரத்தத்திற் பரவிய கிருமித் தொற்று ஆகியன இத்தகைய மரணத்துக்கு ஏதுவாகும் காரணங்கள். கத்தியை எடுத்தபின் வைத்தியர் இவற்றுட் பெரும்பாலானவற்றை மாற்ற இயலாது. ஆனால் மாற்றக்கூடிய காரணம் ஒன்றுண்டு. அதுவே தாமதம். குடற்புண் துளைத்துச் சத்திர சிகிச்சை பெற்றோரைப்பற்றி டென்மார்க்கில் நடந்த ஆய்வொன்று, அனுமதிக்கப்பட்ட முதல் 24 மணித்தியாலத்தில், தாமதிக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் உயிர்பிழைக்கும் வாய்ப்பை ஏறக்குறைய 2.4 சதவீதம் குறைக்கிறதெனக் கண்டது.

கொட்டாஞ்சேனையில் ஒரு முதியவர் நள்ளிரவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வைத்தியசாலைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வலி எப்பொழுது தொடங்கியது? திடீரென வந்ததா? மூட்டுவலிக்கு எந்த மாத்திரை விழுங்கினார்? குடல் துளைத்திருக்கிறதா என்று ஐயுறுவதற்கு இவ்வினாக்களே திறவுகோல். கேட்பவருக்குத் தமிழ் தெரியாது. சொல்பவருக்குச் சிங்களம் தெரியாது. துளைத்த சில மணித்தியாலத்தில் வலி சற்றே தணிந்து ஏமாற்றுவதுமுண்டு. அந்த ஏமாற்றத்தோடு மொழியும் சேர்ந்தால் விடியும்வரை காத்திருப்பது உயிருக்கே உலையாகும்.

1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாக்கப்பட்டது. 1987இல் 13ஆம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. 1988இன் 16ஆம் திருத்தம், வடக்கு கிழக்குக்கு வெளியேயும் அரச அலுவலரோடு தமிழிற் கருமமாற்றும் உரிமையைக் குடிமகனுக்கு அளித்தது. அவ்வுரிமை கச்சேரியில் விண்ணப்பம் நிரப்புவதற்கு மட்டுந்தானா? நோயாளி தன் வலியைச் சொல்லுமிடத்திலன்றோ அது முதலில் உயிர்பெற வேண்டும்!

1951 முதல் கட்டணமின்றி வைத்தியம் அளிக்கும் நாடு இது. அப்பெருமையை நாம் மறுக்கவில்லை. அது முழுமைபெற வேண்டுமென்றே கேட்கிறோம். அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இரவுபகலாகத் தமிழறிந்தவர் கடமையில் இருத்தல் வேண்டும். நோயாளி வந்த நேரமும் சத்திர சிகிச்சை தொடங்கிய நேரமும் பதியப்பட்டு, இறப்புகளோடு ஆண்டுதோறும் வெளியிடப்படல் வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அவசர வயிற்றுச் சத்திர சிகிச்சைகளை இவ்வாறு கணக்கெடுக்கத் தொடங்கியபோது, 30 நாட்களுக்குள் இறந்தோர் 11.8 சதவீதம், சில ஆண்டுகளில் அது 10 சதவீதத்துக்குக் கீழிறங்கியது. எண்ணப்படாத மரணத்துக்கு எவரும் பொறுப்பேற்பதில்லை.

நமக்கும் கடமையுண்டு. வன்னியின் கமக்காரரும் வெள்ளவத்தையின் உத்தியோகத்தரும் கடும் வயிற்றுவலியைக் கைமருந்தால் ஒருநாள் தள்ளிப்போடும் பழக்கத்தைக் கைவிடுவாராக. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இச்சேவை 2018இல் வடக்குக்கும் வந்தது. நோயாளியின் பழைய நோய்களையும் மருந்துகளையும் ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள்.

நம் பங்கை நாம் செய்வோம். அரசாங்கம் தன் பங்கைச் செய்யுமா? சட்டப் புத்தகத்தில் உறங்கும் உரிமை, வைத்தியசாலை வாசலில் விழித்தெழும் நாளே அதற்கு விடை கூறும்.