ஹவாய் மாலையும் எருக்கம்பூவும்

திருப்பூரில் இப்போது பிறந்தநாள் என்றால் கேக்கும் பலூனும் மட்டும் போதாது, "தீம்" வேண்டும். அப்படி வந்து சேர்ந்ததுதான் ஹவாய் பார்ட்டி. கடையில் செட்டாகவே கிடைக்கிறது: பிளாஸ்டிக் பூமாலை, பிளாஸ்டிக் புல் பாவாடை, ஜிகினாத் திரை, காகித அன்னாசி. ராத்திரி போட்டோ எடுத்தாச்சு, காலையில் எல்லாம் குப்பைத் தொட்டியில்!

பிளாஸ்டிக் கப், ஸ்ட்ரா, கொடி எல்லாம் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. பூ வடிவத்தில் வந்தால் மட்டும் அது நல்ல பிளாஸ்டிக் ஆகிவிடுமா?

வேடிக்கை என்னவென்றால், அசல் ஹவாய் மாலைக்குத் திருப்பூர்க்காரர்கள் எங்கும் தேடிப் போக வேண்டியதில்லை. அங்கே அதற்கு "லெய்" என்று பெயர். லெய் கட்டும் பூக்களில் பேர்பெற்றது "பீக்காக்கே". அது வேறொன்றுமில்லை, நம்ம குண்டுமல்லிதான்! இளவரசி கையுலானிக்கு மயிலும் பிடிக்கும், இந்தப் பூவும் பிடிக்கும் என்பதால் பூவுக்கு மயிலின் பெயரே வந்துவிட்டது. 1893இல் ஆட்சியை இழந்த கடைசி ராணி லிலியுவோகலானிக்குப் பிடித்த பூ எது தெரியுமா? இங்கே பிள்ளையாருக்கு மாலையாகும் எருக்கு. சம்பங்கியும் அங்கே லெய் ஆகிறது. வாங்கிய மாலையைக் கொடுத்தவர் எதிரிலேயே கழற்றுவது அங்கே மரியாதை இல்லை. வாடிய பிறகும் குப்பையில் வீசாமல் மண்ணுக்கே திருப்பிக் கொடுப்பார்கள். சாமி மாலையைக் கால்படாத இடத்தில் போடும் ஊருக்கு இதை யாரும் விளக்க வேண்டுமா என்ன?

அடுத்து அந்தப் புல் பாவாடை. பழைய ஹூலா ஆட்டக்காரர்கள் உடுத்தியது மரப்பட்டையைத் தட்டிச் செய்த துணி. புல் பாவாடை 19ஆம் நூற்றாண்டில் வேறு பசிபிக் தீவுகளிலிருந்து ஹவாய்க்குப் போனது. 1830இல் ஹூலாவைப் பொது இடத்தில் ஆடவே தடை வந்தது. பிறகு மன்னர் கலாகௌவா அதற்குத் திரும்ப உயிர் கொடுத்தார். அப்படி மீண்டு வந்த ஆட்டம் அது. வெளிநாட்டில் யாரோ பிளாஸ்டிக் கரகத்தைத் தலையில் வைத்துக் கேலியாக ஆடினால் தமிழர்களுக்கு எப்படி இருக்கும்?

அப்படியானால் ஹவாய் பார்ட்டியே கூடாதா? தாராளமாக வைக்கலாம். வாசலில் இரண்டு வாழை மரம், உடுமலைப் பக்கத்துத் தென்னை ஓலை, குருத்தோலைத் தோரணம், தட்டு நிறைய அன்னாசியும் இளநீரும். வருகிறவர்களுக்குச் சத்தியமங்கலத்து மல்லியிலும் சம்பங்கியிலும் கட்டிய மாலை. வண்ணக் கொடிகளுக்கு இந்த ஊரில் பஞ்சமா? கட்டிங் டேபிளில் மிஞ்சும் பனியன் துணித் துண்டுகளே போதும்.

கணக்குப் போட்டுப் பார்த்தாலும் இதுதான் சரி. பிளாஸ்டிக் மாலைக்குக் கொடுக்கும் காசில் பூ விவசாயிக்கும் இல்லை, பூ கட்டும் அம்மாவுக்கும் இல்லை. முகூர்த்தம் இல்லாத நாளில் விலை படுத்துவிடும் பூவுக்கு ஒரு பிறந்தநாள் வீடு கிடைத்தால் லாபம்தானே?

"குழந்தைகள் விளையாட்டுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?" என்று சிலர் கேட்கலாம். குழந்தைகளுக்கு வேண்டியது வாசனையும் வண்ணமும் கூட்டமும்தான். மல்லிகை மணக்கும், பிளாஸ்டிக் மணக்காது. இதைச் சொல்ல ஆராய்ச்சி எதற்கு?